இரண்டாவது கற்பூரம்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற போன்கள் இரண்டே வகை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை பிரியா.

நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் பிரியா. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியலாளர். வாரத்தில் ஒரு நாள் ஜவ்வாது மலை ஏறி, புதூர்நாடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆட்களைப் பார்க்கிறாள். நான் செய்துவந்த அதே வேலைதான். ஆனால் எனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது, ஒரு டேப்லெட். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கண்டறியும் கேள்விகள் அதில் வரிசையாக வரும். பதில்களைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம் காட்டும்.

"மேடம், ஒருத்தர் எல்லாத்துக்கும் இல்லன்னுதான் சொன்னாரு. பச்சைதான் காட்டுது. ஆனா எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்றாள் போன மாதம்.

"மனசு ஒப்பலன்னா பச்சைய நம்பாத. அவர் வீட்ல யாராவது அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்களான்னு விசாரி" என்றேன்.

சரி மேடம் என்று அவசரமாக வைத்துவிட்டாள். வீட்டில் சும்மா இருந்து இருந்து மேடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. டேப்லெட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் காலத்தில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்காமலே நோயாளியை அனுப்பிவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டார்கள். டேப்லெட் அதையாவது மறக்காமல் கேட்கிறது. 'இல்லை' என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

படிப்பையும் பயிற்சியையும் நாலு வரியில் முடித்துவிடுகிறேன். பிறந்தது ஆலங்காயத்துப் பக்கம். அப்பாவுக்கு வேர்க்கடலைச் சாகுபடி. நான் சென்னையில் உளவியல் படித்துவிட்டு வந்தபோது, 'பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற பொண்ணு' என்று மாப்பிள்ளை வீட்டார் இருவர் நழுவினார்கள். மூன்றாவதாக வந்தவர் நழுவவில்லை, இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். வேலை கிடைத்தது. வேலையைக் கற்றுக்கொண்டது டாக்டர் சம்பத்திடம்.

சம்பத் சார் மனநல மருத்துவர். எங்கள் பிரிவுக்குத் தலைவர். கோபக்காரர், பேச்சு குறைவு. நோயாளியை எதிரே உட்காரவைத்துப் பேசமாட்டார். ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார். ஏன் சார் என்று கேட்டேன். "பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட வீட்டு விஷயம் பூரா சொல்லுவான். அதையே எதிர்ல உக்காந்து கேட்டா போலீஸ் ஸ்டேஷன்னு நெனச்சிப்பான்" என்றார்.

புதூர்நாட்டில் நான் பார்த்த முதல் ஆட்களில் ஓர் இளம்பெண். தீராத தலைவலி. ஒவ்வொரு வாரமும் மாத்திரை வாங்கிப்போனவளை, நர்ஸ் எங்களிடம் அனுப்பியிருந்தார். நான் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் தலை இடம் வலமாக ஆடியது. அவளும் அதேபோல ஆட்டினாள். கூட உட்கார்ந்திருந்த சம்பத் சார் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்: "செத்துடலாம்னு தோணுதாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்து, "ஆமாங்க சார். தெனமும் தோணுது. இத்தினி நாளா யாரும் கேக்கலீங்க" என்றாள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தவள் நான். கேட்டதும் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அன்றோடு அந்தப் பயம் போயிற்று.

அன்று மலை இறங்கி வரும்போது அவர் சொன்னார், "நீங்க கேட்டது கேள்வி இல்லம்மா. இல்லன்னு சொல்லிடுன்னு கெஞ்சினீங்க. சாவுங்கிற வார்த்தையச் சொல்றப்போ குரல் மாறக் கூடாது. மாறினா அவங்க நம்மளக் காப்பாத்துறதுக்காகப் பொய் சொல்லுவாங்க. போய்ப் பழகுங்க."

பழகினேன். வாணியம்பாடி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா, சாகணும்னு தோணுதா" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. படுத்தால் எழுந்திருக்காமலே போய்விடலாம் என்று இருக்கிறதா. சாக வேண்டும் என்றே தோன்றுகிறதா. எப்படி என்று யோசித்ததுண்டா. அதற்காக ஏதாவது செய்து வைத்திருக்கிறீர்களா. எப்போது என்று நாள் குறித்தீர்களா. ஒவ்வொரு படியாக இறங்கிப் போகவேண்டும், நடுவில் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லக் கூடாது. கடைசியில் ஒன்று, "இதுவரைக்கும் உங்கள எது நிறுத்தி வச்சிருக்கு?" சம்பத் சார் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது இந்தக் கடைசிப் படியில்தான். சாகவேண்டும் என்கிற மனசுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்கிற இன்னொன்றும் இருக்கும், அதனிடம் பேசத்தான் இவ்வளவு தூரம் இறங்கி வருகிறோம் என்பார்.

இனி காளியப்பன்.

அவருக்கு நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஓர் ஊர். கொஞ்சம் சாமை போடுகிற நிலம், இரண்டு புளியமரம், ஒரு ஜீப். மலைக்கு மேலே பஸ் அபூர்வம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து பிரசவத்துக்குப் போகிறவர்கள்வரை எல்லாரும் ஜீப்பை நம்பித்தான் இருந்தார்கள். ஒரு மழைநாளில், வளைவு ஒன்றில் சாலையோர மண் சரிந்து ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். முன்சீட்டில் இருந்த அவருடைய மாமனார் இறந்துபோனார். வண்டியில் குறையில்லை, ஓட்டியவர் மேலும் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காளியப்பன் அதை ஏற்கவில்லை. ஜீப்பைத் தொடவில்லை, சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

அவரை எங்களிடம் அழைத்து வந்தவள் அவர் மனைவி மாதம்மா. செத்தது அவளைப் பெற்ற அப்பா. "எங்கப்பன் போனது போச்சுங்க மேடம். இவுரும் போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்" என்று முதல் நாளே சொன்னாள். காளியப்பனும் மறைக்கவில்லை. கேட்டபோது, ஆமாங்க, தோணுது என்றார். சம்பத் சார் மாத்திரை தொடங்கினார். நான் வாரா வாரம் அவரோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல மாமனாரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

ஒரு வாரம் வந்தபோது ஆளே வேறாக இருந்தார். முடி வெட்டி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"இந்த வாரம் சாகணும்னு தோணுச்சா காளியப்பன்?"

"இல்லீங்க."

நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"தூக்கத்துலயே போய்டலாம்னு?"

"அப்டிலாம் ஒண்ணுமில்லீங்க மேடம்."

போன வாரம் அதே நாற்காலியில் ஒவ்வொரு கேள்விக்கும் திணறித் திணறிப் பதில் சொன்ன மனுஷன். மனசு தேறுவது உண்டுதான். ஆனால் தேறுகிறவர்கள் இப்படி ஒரே வாரத்தில் துடைத்துவைத்தாற்போல் தேற மாட்டார்கள், 'இப்பவும் வருதுங்க, முன்ன மாதிரி இல்ல' என்பார்கள். அவர் வலது கையை மூடியே வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். விரித்தார். உள்ளங்கை நடுவில் சின்னதாக ஒரு தீப்புண்.

"கற்பூரம் பட்டுடுச்சுங்க" என்றார். விரல்களை மறுபடி மடக்கிக்கொண்டார்.

வெளியே மாதம்மா ஒரு முழுப் பலாப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்குத்தானாம். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே பயமில்லீங்க மேடம். கோயில்ல சத்தியம் வாங்கிட்டேன். பொண்ணு தலமேல ஒரு கைய வச்சி, இன்னொரு கையால கற்பூரத்த அணைச்சிட்டாரு. சாமிமேல பண்ண சத்தியத்த எங்க ஊர்ல யாரும் மீற மாட்டாங்க. இனிமே வரத் தேவையில்ல, உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தோம்."

"வீட்ல எப்டி இருக்காரு?"

"ரொம்பப் பொறுப்பா கீறாருங்க. ஆலங்காயத்துக்கு இட்டுக்கினு போயி, ஏடிஎம்ல பணம் எப்டி எடுக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. ஜீப்ப எங்கண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. அவுங்கம்மா வூட்டுக்குக்கூட ஒரு நட போய்ட்டு வந்தாரு."

அவள் ஒவ்வொன்றையும் நல்ல சேதியாகத்தான் சொன்னாள். தான் இல்லாத வீட்டுக்கு ஆக வேண்டியதை ஒருவர் ஒன்றொன்றாக முடித்துவைத்துக்கொண்டிருக்கிறார் என்று என் காதில் விழுந்தது.

அவர்களைக் கிளம்ப விடக் கூடாது. "பழத்த இங்கயே அறுத்து எல்லாரும் சாப்பிடலாம், நீங்களும் இருங்க" என்றேன். பலாப்பழம் அறுப்பது ஒரு மணி நேர வேலை என்று மலையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நர்ஸ் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடம் கண்ணால் காளியப்பனைக் காட்டிவிட்டு, அடுத்த அறைக்கு ஓடினேன்.

சம்பத் சார் எல்லாவற்றையும் கேட்டார்.

"இங்கேர்ந்தே நேரா கூட்டிட்டுப் போய் அட்மிட் பண்ணிடலாம் சார்" என்றேன்.

"பண்ணத்தான் போறோம். ஆனா அவர் வாயில பூட்டுப் போட்டிருக்காங்களே. பேசாத ஆளை வார்டுல வச்சு எத்தனை நாள் காவல் காப்பீங்க? வீட்டம்மாவே வேணாங்குறாங்க. நாளைக்கே கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போய்டுவாங்க."

"அப்போ?"

"அவரக் கேட்டுப் பிரயோஜனமில்ல. அந்தச் சத்தியம் என்னன்னு போய்ப் பாப்போம். அவரும் நம்மகூட வரட்டும், ஒரு நிமிஷம் தனியா விட வேணாம்."

மதியத்துக்கு மேல் எல்லாரும் ஆஸ்பத்திரி ஜீப்பில் கிளம்பினோம். காளியப்பனுக்கு ஒரு பக்கம் மாதம்மா, இன்னொரு பக்கம் நான். அந்த வளைவு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாதம்மாவும் மூடிக்கொண்டாள்.

அவர்கள் ஊரில் எல்லாப் பேச்சுக்கும் முதல் ஆள் ஊர்க்கவுண்டர். சத்தியத்தைச் சாமி முன்னால் வைத்து நடத்திக் கொடுத்தவரும் அவர்தான். மெலிந்த மனிதர், கோபத்தில் எங்கள் சாருக்குச் சளைத்தவரில்லை. கோயில் வாசலில் நின்று கேட்டார்: "அம்மன் முன்னாடி வச்சத டாக்டருங்க வந்து பிரிச்சிப் பாப்பீங்களா?"

"பிரிக்க வரலீங்க. என்ன வார்த்தை சொல்லி அணைச்சாருன்னு தெரிஞ்சிக்க வந்தோம்" என்றார் சம்பத் சார்.

கவுண்டர் கொஞ்சம் தணிந்தார். வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். "சாவுற நெனப்பே எனக்கு இனிமே வராது. வந்தா எம்பொண்ணுக்கு ஆகாது. இதான்."

நான் மாதம்மாவைப் பார்த்தேன். அவள் இன்னும் தைரியமாகத்தான் நின்றிருந்தாள். காளியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பத் சார் காளியப்பன் பக்கம் திரும்பவே இல்லை. கவுண்டரிடமே பேசினார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஐயா, நாளைக்கு இருமல் வராதுன்னு நீங்க கற்பூரம் அணைப்பீங்களா?"

"இருமல் நம்ம கையிலயா கீது?"

"நெனப்பு மட்டும் நம்ம கையிலயா இருக்கு? ஒரு பேச்சுக்கு வச்சிக்குவோம், இவருக்கு அந்த நெனப்பு மறுபடி வந்துடுச்சு. வந்துச்சுன்னு நான் சொல்லல. வந்தா யார்கிட்ட போய்ச் சொல்லுவாரு? சொன்னா சத்தியத்த மீறிட்டாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். சொல்லாட்டியும், நெனச்சதே மீறினதுதான். அப்போ பொண்ணை எப்படிக் காப்பாத்துவாரு?"

ஏதோ சரிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். காளியப்பன் கோயில் சுவரில் முதுகைத் தேய்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுநாளே வந்துடுச்சுங்க" என்றார். "கற்பூரம் அணைச்ச மறுநாளே. நான் கூப்புடலீங்க, அதுவா வந்துச்சு. அப்பறம் புள்ளைக்கு ஜொரம் கண்டுச்சு. என்னாலதான் கண்டுச்சு. அவ மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேங்க. நான் போய்ட்டா அவளயாவது அம்மன் வுட்டுடும்னு..."

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சாகாமல் இருக்கத்தான் அந்தச் சத்தியத்தை வாங்கினார்கள். அதுவே சாவதற்கு அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுத்திருந்தது. அன்பு இல்லாத யாரும் அங்கே இல்லை. அவ்வளவு அன்பும் சேர்ந்துதான் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மாதம்மா அவர் பக்கத்தில் போய் விழுந்தாள். "நான்தான வாங்கினேன். நான்தான புள்ள தலைய இழுத்து வச்சேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கவுண்டர் அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு செருமிக்கொண்டு சொன்னார்: "மனுசனால முடியாதத வாங்கினா, குத்தம் வாங்கினவங்க மேலதான். குடுத்தவன் மேல இல்ல. புள்ள மேல ஒரு நாளும் இல்ல. நடத்திக் குடுத்தது நானு. நான் அம்மன்கிட்ட பேசிக்கிறேன்."

பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்ணை அழைத்தார்கள். அனிதா. மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் ஒரு சொம்பு மஞ்சள்தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, போட்ட சத்தியமெல்லாம் போச்சு என்றார். பெரியவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் ஒரே கவலை. "நாளைக்கும் இந்த யூனிபாரத்ததாம்மா போட்டுக்கினு போணும்" என்றாள்.

காளியப்பன் முகத்தில் அப்போது ஏதோ ஒன்று அசைந்தது. எழுந்து வந்து தன் துண்டால் அவள் தலையைத் துவட்டினார்.

சரி, இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சம்பத் சார் விடவில்லை. "ஐயா, இன்னொரு கற்பூரம் ஏத்துங்க. இவரால முடிஞ்சத வாங்கிக்குவோம். அந்த நெனப்பு வந்தா மறைக்க மாட்டேன், சொல்லிடுவேன். அவ்வளவு போதும். பொண்ணு தலையும் வேணாம், யார் தலையும் வேணாம்" என்றார். கவுண்டர் தலையாட்டினார். சம்பத் சார் தொடர்ந்தார்: "அவர் மட்டும் அணைச்சா பத்தாது. கேக்கப்போறவங்களும் அணைக்கணும். அவர் வந்து சொன்னா திட்ட மாட்டோம், ஊர்ல போய்ச் சொல்ல மாட்டோம், கூட இருப்போம், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம்னு."

காளியப்பன் புண்ணான கையை விட்டு இடது கையால் அணைத்தார். மாதம்மா அணைத்தாள். அவள் அண்ணன், அப்பாவை அதே ஜீப்பில் பறிகொடுத்தவன், வந்து அணைத்துவிட்டு காளியப்பன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான். நான் அணைத்தேன்.

"நீங்களும்தான் கேக்கப்போறவரு. வாங்க சார்" என்றார் கவுண்டர்.

சம்பத் சாருக்குச் சாமி கிடையாது. கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டால்கூட முகத்தைச் சுளிப்பவர். அன்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து உதறினார். "இவ்ளோ சுடும்னு யாருமே சொல்லலியே" என்றார். முதலில் அனிதா சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். காளியப்பனும்.

பிறகு கோயிலை ஒட்டின பலாமரத்தடியில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் திணறித் திணறிப் பதில் வந்தது. எப்படி, எங்கே, எப்போது என்று அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவருக்கும் எனக்கும். நாள் குறித்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். கடைசிக் கேள்வியையும் கேட்டேன். இதுவரைக்கும் எது நிறுத்தி வைத்தது?

"புள்ளதாங்க" என்றார். "ஜொரம் உடட்டும், அப்பறம் போலாம்னு இருந்தேன். முந்தாநாளுதான் உட்டுச்சு."

அன்று மாலையே மருத்துவமனைக்கு வர அவராகவே எங்கள் ஜீப்பில் ஏறினார். மாதம்மாவின் அண்ணன் அவர்கள் வீட்டுப் பூச்சிமருந்தையெல்லாம் எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினான். ஜீப்புக்கு எழுதிய காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "எனக்கு ஓட்டத் தெரியாது மாமா, நீயே வச்சிக்க" என்றான். வார்டில் சில வாரம், பிறகு மாத்திரையும் பேச்சுமாகப் பல மாதம். முதலில் நிற்கிற ஜீப்பில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அப்புறம் ஊருக்குள் ஓட்டினார். புளி உலுக்குகிற பருவத்தில், மச்சானை முன்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த வளைவைத் தாண்டினார். தாண்டி நிறுத்தி, இறங்கி, மாமனாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள்.

நடுவில் இரண்டு முறை அந்த நினைப்பு வந்தது. இரண்டு முறையும் வந்து சொன்னார்.

அதற்கப்புறம் யாராவது திடீரென்று எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லத் தொடங்கினால் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கினீர்களா என்று கேட்பது என் வழக்கமாயிற்று. நம் ஊரில் எத்தனை விதமாக வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா தலைமேல், சாமி படத்தின்மேல், இன்னும் பிறக்காத பிள்ளைமேல். அவர்களை நான் திட்டியதில்லை. பதறிப்போனவர்கள் வேறு என்ன செய்வார்கள்? 'அந்தச் சத்தியத்தை விடுங்கள், வந்தால் சொல்லிவிடு என்று இதை வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் பதற மாட்டேன் என்று நீங்களும் கொடுங்கள்' என்பேன். எல்லாரையும் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சிலர் போய்விட்டார்கள். அவர்கள் பெயர்கள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டவர்கள் அதிகம். நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, குரல் மாறாமல் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் இருந்துவிடுகிறார்கள்.

பிரியா மறுவாரமே கூப்பிட்டாள். அந்த ஆளிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லையாம். 'நீ போனா மறுநிமிஷம் நானும் போய்டுவேன்' என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள். அதுவும் பூட்டுதான். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள், இப்போது இருவருமே வருகிறார்களாம். டேப்லெட்டில் நிறம் என்ன என்று கேட்டேன். "மஞ்சள் மேடம், அது உண்மையான மஞ்சள்" என்றாள். இந்த வேலையில் பிரியா தேறிவிடுவாள்.

ஓய்வு பெற்ற பிறகு வருகிற போன்கள் இரண்டு வகை என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஒரே ஒரு தடவை மூன்றாவதாக ஒன்று வந்தது. போன மழைக்காலம், காலையில் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மேடம், நான் காளியப்பன் பேசுறேங்க."

இத்தனை வருடத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. நலமா என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"வந்திருக்குதுங்க மேடம். நாலஞ்சி நாளா. அதான் சொல்லிட்டேன்."

அடுப்பை அணைத்தேன். "சொன்னது ரொம்ப நல்லது காளியப்பன். பக்கத்துல யார் இருக்காங்க?"

"அனிதா கீறா. திருப்பத்தூர்ல நர்ஸுக்குப் படிக்கிதுங்க, லீவுக்கு வந்துகீது. அதுதான் போன் போட்டுக் குடுத்துச்சு. அதுகிட்டதான் மேடம் மொதல்ல சொன்னேன். அது அழுவல. பக்கத்துல வந்து உக்காந்துகினு, அப்பறம் இன்னாப்பான்னு கேட்டுச்சு."

நான் ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மலை தெரிகிற ஜன்னல் அது. எழுந்திருக்காமலே போய்விடலாம் என்று இருக்கிறதா என்ற முதல் கேள்வியைக் கேட்டேன். சம்பத் சார் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அன்று நான் கேட்ட விதம் அவர் காதில் விழுந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். என் குரல் மாறித்தான் போயிற்று.